சிறுவர் மூட்டுவாதமும் எலும்பின் வலிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மூட்டுவாதம் முதியோர்க்கே உரிய நோய் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 16 வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் அது தாக்குவதுண்டு. மூட்டு வீக்கம் 6 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் புலப்படாதபோது, மருத்துவர்கள் அதனைச் சிறுவர் மூட்டுவாதம் என்கின்றனர். காலையில் மூட்டுகள் விறைத்திருப்பதும் நொண்டி நடப்பதும் அதன் அடையாளங்களாகும்.

இந்நோய் கண்டதும் நம் வீடுகளில் நிகழ்வது என்ன? "வாயு" என்றும் "குளிர்ச்சி" என்றும் கூறி, பால், தயிர், முட்டை, பருப்பு ஆகியவற்றை நிறுத்திவிடுகிறோம். அன்பினால் செய்யும் இச்செயலே குழந்தைக்குத் தீங்காய் முடிகிறது என்பதை எடுத்துரைக்கவே இங்கு நிற்கிறோம்.

வாழ்நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் எலும்பின் திண்மையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, 20 வயதிற்குள் சேர்ந்துவிடுகிறது. மூட்டுவாதம் கண்ட குழந்தைக்கோ இச்சேமிப்பு பல வழிகளில் குறைகிறது. நோயின் அழற்சி எலும்பை அரிக்கிறது; வலியினால் ஓட்டமும் ஆட்டமும் குறைகின்றன; பசி மங்குகிறது. நீண்ட நாள் உண்ணும் ஸ்டீராய்டு மருந்தோ, குடல் கால்சியத்தை ஈர்ப்பதைக் குறைத்து, சிறுநீர் வழியே அதனை மிகுதியாக வெளியேற்றுகிறது. இந்நிலையில் உணவையும் நாம் குறைத்தால், எலும்பு எதனைக் கொண்டு வளரும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதினர்க்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராமும், 10 முதல் 12 வயதினர்க்கு 850 மில்லிகிராமும் கால்சியம் தேவை. ஒரு குவளைப் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 240 மில்லிகிராம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியனவும் உதவும். உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். மருத்துவர் தடை கூறாவிடில், குழந்தையை வெயிலில் விளையாட விடுங்கள்.

ஸ்டீராய்டு உண்ணும் குழந்தைக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்தவற்றைக் குறைப்பது நன்று. ஆயினும், எலும்பு தேயும் என அஞ்சி அம்மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பத்தியம் வைக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். குழந்தையின் தட்டிலிருந்து ஒன்றை நீக்க நினைக்கும்போதெல்லாம், அதற்கு ஈடாக எதனை வைக்கப்போகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.