மட்டி சொல்லும் சாட்சியம்

(ஈஜிபுராவில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் கூடியிருக்கும் இப்பகுதியின் கழிவுநீர் ராஜகாலுவே வழியாகப் பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பின்னர் தென்பெண்ணை, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணை. நாம் விழுங்கும் மாத்திரைகளின் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறி இவ்வழியே பயணம் செய்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்து எச்சங்களை முழுமையாக நீக்க வல்லவை அல்ல.

இத்தகைய நீரில் தப்ப வழியற்ற உயிர் நன்னீர் மட்டி. சேற்றில் பாதி புதைந்து, நீரை உள்ளிழுத்து, செவுள்களால் வடிகட்டி உண்பது அது. மீனைப்போல் விலகி நீந்த இயலாது. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின் செரடோனின் என்னும் வேதிப்பொருளின் வழியே செயல்படுகிறது. மட்டியின் இனப்பெருக்கத்தைத் தூண்டுவதும் அதே செரடோனின்தான். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அம்மருந்து கலந்த நீரில் வைக்கப்பட்ட தாய் மட்டிகள் பிழைக்கவியலாத இளவுயிரிகளை வெளியேற்றின. மீனின் செவுளில் ஒட்டி வளரவேண்டிய அடுத்த தலைமுறை அங்கேயே அழிந்தது.

ஆய்வகத்தில் இட்ட அளவு ஆறுகளில் காணப்படுவதைவிட மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆலைக் கழிவுநீரின் நிலை வேறு. ஐதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் சுத்திகரிப்பு நிலையத்தை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தனர். 2007-இல் வெளியான முடிவின்படி, அங்கிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்!

அரசு என்ன செய்தது? 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில், ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சங்களுக்கு உச்சவரம்பு இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மூலத்தில் உள்ளதை விட்டுவிட்டால் அது பிழை. சட்டத்தில் விட்டுவிட்டாலோ, யாருக்கோ இலாபம்.

மருந்து மக்களுக்கு வேண்டும், மலிவாகவும் வேண்டும். நோயாளி குற்றவாளி அல்லர். உற்பத்திச் செலவின் ஒரு பகுதியை ஆற்றின்மீதும், அதை நம்பி வாழும் உழவர்கள், மீனவர்கள்மீதும் சுமத்தும் மூலதனமே பொறுப்பு. கைவிடப்பட்ட வரம்புகளை மீண்டும் சட்டமாக்கவும், பெல்லந்தூர் முதல் கெலவரப்பள்ளி வரை நீரில் மருந்து எச்சங்களைச் சோதித்து முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடவும் கோருவோம். மட்டிக்கு வாய் உண்டு, குரல் இல்லை. அந்தக் குரலாக நாம் இருப்போம்.