சிரிப்பின் பிறப்பும் சாட்சியின் பொறுப்பும்



இலக்கிய விழாவில் தொலைக்காட்சிப் படங்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். மறைந்த கலைஞரைப் பற்றி எழுதும் எவருக்கும் உரிய ஒரு கேள்வி அவற்றுள் பொதிந்து கிடக்கிறது. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மக்கள் உள்ளங்கவர்ந்த நகைச்சுவைத் தொடர்கள் உருவான வரலாற்றையே நாடகமாக்கும் தொலைக்காட்சித் திரைப்படங்கள் ஒரு தனிவகையாக வளர்ந்துள்ளன. அன்று எழுதியவரையும் நடித்தவரையும் இன்று வேறு நடிகர்கள் ஏற்று நடிப்பர். தொடரில் நாம் கண்டது சிரிப்பு. படம் காட்ட முனைவது அச்சிரிப்பின் பின்புறம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். 'திரீஸ் கம்பெனி' 1977 முதல் 1984 வரை ஒளிபரப்பான தொடர். அதன் நாயகியருள் ஒருவரான சூசன் சோமர்ஸ், ஆண் நடிகருக்கு இணையான ஊதியம் வேண்டுமென்று 1980இல் கேட்டார். விளைவாகத் தொடரை விட்டு விலக நேர்ந்தது. இப்பூசலை மையமாகக் கொண்ட படத்தை என்.பி.சி. 2003இல் ஒளிபரப்பியது. அதன் தயாரிப்பில் பங்கேற்றுக் கதையைத் தொகுத்து வழங்கியவர், தொடரின் மற்றொரு நாயகியான ஜாய்ஸ் டிவிட். ஒரே நிகழ்ச்சி ஒருவர் பார்வையில் பேராசை; மற்றவர் பார்வையில் ஊதிய நீதி. வழக்கின் ஒரு தரப்பைச் சார்ந்தவரே கதைசொல்லியாகவும் அமையும்போது, பார்வையாளர் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

2014இல் லைஃப்டைம் அலைவரிசை 'சேவ்டு பை த பெல்' தொடரின் கதையையும், 2015இல் 'ஃபுல் ஹவுஸ்' தொடரின் கதையையும் படமாக்கியது. இரண்டின் தலைப்பிலும் 'அனுமதி பெறாத' என்னும் அடைமொழி இருந்தது. மறைவானது ஏதோ வெளிப்படப் போகிறது என்று அவ்வடைமொழி ஆசை காட்டியது. திறனாய்வாளரோ பெரும்பாலும் உதட்டைப் பிதுக்கினர். தலைமுடியும் உடையும் மூலத்தைப் போல இருந்தன. மனிதர்கள் இல்லை என்பதே அவர்கள் குறை. அத்தொடர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஏன் சிரித்தார்கள் என்ற கேள்விக்குப் படங்களில் விடையே இல்லை.

பிரிட்டனில் இவ்வகை வேறு முகம் காட்டியது. 'டாட்ஸ் ஆர்மி' 1968 முதல் 1977 வரை பி.பி.சி.யில் வந்த தொடர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஊர்க்காவல் படையின் முதியவர்களையும் இளைஞர்களையும் வைத்துப் பின்னப்பட்டது. எழுதிய இருவருள் ஜிம்மி பெர்ரி தம் இளமையில் அப்படையில் பணியாற்றியவர். மற்றவர் டேவிட் குரோஃப்ட். நாடு தனித்து நின்ற நெருக்கடிக் காலத்தை நகைப்புக்கு உள்ளாக்கலாமா என்ற தயக்கம் நிறுவனத்தின் மேலிடத்தில் இருந்தது. இந்த இழுபறியைச் சொல்லும் 'வீ ஆர் டூம்டு' என்னும் படம் 2015 டிசம்பரில் வெளிவந்தது. பெர்ரி அப்போது உயிருடன் இருந்தார். படத்திற்குக் கனிவான வரவேற்பே கிடைத்தது. காரணம் எளியது. ஒரு வரியை எழுதி, அடித்து, அதிகாரியிடம் வாதாடி, நடிகரை இணங்கவைத்து, நகைச்சுவை உருவாகும் உழைப்பை அப்படம் காட்டியது. படைப்பாளியின் படுக்கையறையைவிட அவனுடைய மேசை சுவையானது என்பதை அது மெய்ப்பித்தது.

இனி என் பேச்சின் மையத்திற்கு வருகிறேன். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' 1962இல் தொடங்கிய தொடர். ரே கால்ட்டனும் ஆலன் சிம்சனும் எழுதியது. இலண்டனில் பழைய சாமான் வாங்கி விற்கும் தந்தையும் மகனுமே கதைமாந்தர். மகன் அவ்வாழ்வை விட்டு வெளியேறத் துடிக்கிறான், முடிவதில்லை. மகனாக நடித்த ஹாரி எச். கார்பெட், ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் பயின்று செவ்வியல் வேடங்களில் பெயர் பெற்றவர். தந்தையாக நடித்தவர் வில்ஃபிரிட் பிராம்பெல். கார்பெட் 1982இலும் பிராம்பெல் 1985இலும் மறைந்தனர்.

2008இல் பி.பி.சி. 4 அலைவரிசை 'த கர்ஸ் ஆஃப் ஸ்டெப்டோ' என்ற படத்தை ஒளிபரப்பியது. 'கர்ஸ்' என்றால் சாபம். தொடரின் மகனைப் போலவே கார்பெட்டும் அவ்வேடத்தில் சிறைப்பட்டார், நடிகர் இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தனர் என்பது படத்தின் வாதம். ஜேசன் ஐசக்சும் ஃபில் டேவிசும் உயிரோட்டத்துடன் நடித்தனர். பாராட்டுகள் குவிந்தன. வேடமும் வாழ்வும் ஒன்றாகும் கட்டமைப்பு ஒரு துன்பியல் நாடகத்தின் முழுமையைப் பெற்றிருந்தது.

ஆனால் கார்பெட்டின் குடும்பத்தார் முறையிட்டனர். அவருடைய சொந்த வாழ்வின் நிகழ்ச்சிகள் பிழையாகக் காட்டப்பட்டன என்றனர். முறையீட்டில் நியாயம் உண்டென்று பி.பி.சி.யே ஏற்றது, சில பகுதிகளை நீக்கியே பின்னர் ஒளிபரப்பியது. நடிகர்களிடையே தீராப் பகை இருந்தது என்னும் கதையை, தொடரை எழுதிய கால்ட்டனும் சிம்சனும் மறுத்தனர். கார்பெட்டின் மகள் சூசன்னா 2012இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அமெரிக்கப் படங்கள் தரமற்றவை. ஆகவே எவரையும் பெரிதாகப் புண்படுத்தவில்லை. 'ஸ்டெப்டோ' படம் தரமானது, ஆகவே புண்படுத்தியது. கலையின் வலிமை கூடக்கூடப் பிழையின் வலிமையும் கூடுகிறது. முறையீட்டின் தீர்ப்பைப் படித்தவர் சிலர். படத்தின் காட்சியை நெஞ்சில் சுமந்தவர் பலர்.

அப்படியாயின் கற்பனைக்கே இடமில்லையா? உண்டு. 2021இல் வெளிவந்த 'பீயிங் த ரிக்கார்டோஸ்' என்னும் திரைப்படம், 'ஐ லவ் லூசி' தொடரின் நாயகி லூசில் பாலின் கதை. 1952, 1953, 1955 ஆகிய வெவ்வேறு ஆண்டுகளின் மூன்று நெருக்கடிகளை அது ஒரே வாரத்துக்குள் அடக்கியது. காலத்தைச் சுருக்குவது நாடகத்தின் பழைய உரிமை. சுருக்கியதால் ஒருவருடைய நடத்தையே மாறித் தோன்றுமானால், அங்கே உரிமை முடிந்து பழி தொடங்குகிறது.

இத்தகைய படங்களை மதிப்பிடும்போது முகச்சாயல் பொருந்துகிறதா என்று கேட்பது தொடக்கம் மட்டுமே. சிரிப்பு எவ்வாறு உருவாயிற்று என்று காட்டுகிறதா? எவருடைய சாட்சியத்தை நம்பிச் சொல்கிறது? மறுமொழி கூற இயலாதவர்பால் நீதியுடன் நடந்துகொள்கிறதா? இம்மூன்று வினாக்களையும் திறனாய்வாளன் கேட்டாக வேண்டும். 'ஸ்டெப்டோ' படத்தைப் பாராட்டியவர்கள் முதல் வினாவையே கேட்டனர். மூன்றாவதைக் கேட்கும் பொறுப்பு ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

கவிஞர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. எதுகை தானாக வந்து பொருந்தும்போது மகிழ்கிறோம். எதுகைக்காகப் பொருளை வளைத்தால் நம் காதே நம்மைக் குற்றம் சாட்டும். ஒரு மனிதனின் வாழ்வு அவன் ஏற்ற வேடத்தோடு இம்மி பிசகாமல் எதுகை பாடுமானால், அதைக் கேட்டு வியப்பதற்கு முன் சற்று ஐயுறுவோம். நாமும் மறைந்த கவிஞர்களைப் பற்றி எழுதுகிறோம்; நினைவு மலர்கள் வெளியிடுகிறோம். அவர்களின் வறுமையையும் பூசலையும் சொல்லுமுன், அவர்கள் ஒரு வரியைச் செப்பனிட்ட உழைப்பைச் சொல்லுவோம். சொல்ல நேரும் பூசலையும் இருபுறம் கேட்டுச் சொல்லுவோம்.