விரும்பாத விடைகள்: தென்சென்னையும் தொற்றுநோய் ஆய்வகங்களும்



அரசு ஆய்வகம் ஒன்றில் பணிக்காலம் முழுவதும் சளி மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்துவந்த ஒருவரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. தலைவர்கள் பெயரிலும் புலவர்கள் பெயரிலும் பெரிய மருத்துவர்கள் பெயரிலும் அறக்கட்டளைகள் நிறைய உண்டு. ஒரு லேப் டெக்னீஷியன் பெயரில் அமைவது அரிது. என்னை அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுவே காரணம். அவர் செய்த வேலையைப் பற்றிப் பேசுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

நாம் எதிர்பார்த்த விடையைத்தான் ஆய்வகம் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சென்னையிலும் அதன் தெற்குப் புறநகரிலும் தொற்றுநோய் பற்றிக் கேட்கப்பட்ட பெரிய கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் பல, கேட்டவர்களே விரும்பாதவை. அவற்றை மூடி மறைக்காமல் அச்சில் ஏற்றினார்கள். இந்த மண்ணின் அறிவியல் பெருமை அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. நகரத்தை விட்டு விலகிய தாம்பரத்தை அவர் தேர்ந்தெடுத்தது அதற்காகவே. 1937இல் மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது.

மெண்டிப்பில் 1917இல் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்: கணிதமேதை இராமானுஜன். வயிற்றுப்புண் என்றார்கள், காசநோய் என்றார்கள், ரத்தத்தில் நச்சு என்றார்கள். கடைசியில் காசநோய் என்பதே நிலைத்தது. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் அவர் காலமானார். அவருடைய நோய்க்குறிப்புகளை 1994இல் ஆராய்ந்த டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர், அது ஈரலில் தங்கிய அமீபா நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசி பலன் தருவதைக் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் 1912இலேயே காட்டியிருந்தார். யங் சொன்னது சரியென்றால், காப்பாற்றக்கூடிய உயிர் அது. முப்பத்திரண்டு வயது. கிருமி இன்னதென்று உறுதிசெய்யாமல் நடக்கும் வைத்தியம் எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

காசநோய்க் கிருமியை உறுதிசெய்வது சுலபமான காரியம் அல்ல. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அதை உலகுக்குக் காட்டினார். ஸ்லைடில் சளியைத் தடவி, சாயமேற்றி, அமிலத்தால் கழுவி, மிஞ்சி நிற்கும் சிவப்புக் குச்சிகளை எண்ண வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். குறைவாக இருந்தால் வளர்த்துப் பார்க்க வேண்டும். உறை ஊற்றிய பால் ஓர் இரவில் தயிராகிவிடுகிறது. காசநோய்க் கிருமியோ ஒருமுறை இரட்டிப்பாகவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். முட்டை கலந்த ஊடகத்தில் அது கண்ணுக்குத் தெரியும் திட்டாக வளர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதுவரை குழாயில் வேறு கிருமி கலந்துவிடாமல் காக்க வேண்டும், வேலை செய்பவர் தானும் தொற்றாமல் இருக்க வேண்டும். வெளிக்காற்று உள்ளே வரலாம், உள்காற்று வடிகட்டாமல் வெளியே போகக்கூடாது என்ற விதியோடு அமைந்த அறைகள் இன்று உண்டு. அன்று அவை இல்லை. அந்தக் காலத்து டெக்னீஷியன்கள் துணிந்து செய்த வேலை இது.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அவர்கள் கையில் எடுத்த முதல் கேள்வி மருத்துவ உலகத்துக்கே சங்கடமானது. ஐசோநியசிட், பி.ஏ.எஸ். போன்ற மருந்துகள் வந்துவிட்டன. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருக்கின்றன. அப்படியானால் சானடோரியம் உண்மையிலேயே தேவையா?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டில் இருந்தவர்களில் பலர் அரைவயிற்றோடு வேலைக்கும் போனார்கள். மாதந்தோறும் சளியை வளர்த்துப் பார்த்தார்கள். மருந்து உண்மையில் உள்ளே போகிறதா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. ஓர் ஆண்டில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. நல்ல சாப்பாட்டால் எடை கூடியது உண்மை. ஆனால் நோயைத் தீர்த்தது மருந்து. வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றுமே என்ற பயமும் பிறகு ஐந்தாண்டு கண்காணிப்பில் பொய்த்தது. சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வீட்டார் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளானது சிகிச்சைக்கு முந்தைய நாட்களில்தான்.

அந்த முடிவை எழுதிய கைகளை நினைத்துப் பாருங்கள். உலகெங்கும் மலையிலும் கடற்கரையிலும் கோடிக்கணக்கில் செலவிட்டுச் சானடோரியங்கள் கட்டியிருந்தார்கள். நம் தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையமே அந்தப் பெயரில் நிற்கிறது. அவை இனித் தேவையில்லை என்று சென்னையின் ஏழை வீடுகளிலிருந்து சேகரித்த சளி சொன்னது. பணக்கார நாடுகளும் பின்னால் அதை ஏற்றுக்கொண்டன.

இரண்டாவது விடை இன்னும் கசப்பானது. பி.சி.ஜி. தடுப்பூசி தயாரிக்கக் கிண்டியில் 1948இல் ஆய்வகம் அமைந்தது. அந்த ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் ஒரு சோதனை தொடங்கியது. 209 கிராமங்கள், ஊசியோ வெற்று மருந்தோ போட்டுக்கொண்டவர்கள் சுமார் 2,80,000 பேர், பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பு. விடை: அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் வகையிலிருந்தும் அது காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியதால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். அந்த எல்லையைத் தெளிவாக வரைந்தது செங்கல்பட்டு.

மூன்றாவது விடை 1986. எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், நம் பண்பாட்டுக்கு அது வராது என்று பத்திரிகைகளும் எழுதின, படித்தவர்களும் பேசினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலா மயிலாப்பூரில் காவலில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். போதிய வசதி இல்லாததால் மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். எலிசா சோதனைக்கு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஜேக்கப் ஜான் அங்கே வைரஸ் ஆய்வுத் துறையில் இருந்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின, அதாவது எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. திரும்பச் செய்தார்கள், மறுபடியும் மாறின. அமெரிக்காவில் செய்த சோதனையும் உறுதிப்படுத்தியது. அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நம்ப மறுத்தவர்கள் பலர், கோபப்பட்டவர்களும் பலர். அந்த ஆறு பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. நாடு விழித்துக்கொண்டது அவர்கள் ரத்தத்தால் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பின் தாம்பரத்தின் வரலாறு மாறியது. எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலம். தொற்றுக்குப் பழகிப்போன தாம்பரம் சானடோரியம் 1993 முதல் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. படுக்கைகள் இனி வேண்டாம் என்று அறிவியல் சொன்ன அதே வளாகத்தில் படுக்கைகள் மீண்டும் நிரம்பின. இந்தியாவிலேயே மிக அதிக எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளில் ஒன்றாக அது ஆனது. 2004 ஏப்ரல் முதல் நாள் அரசு எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் இருந்தது. சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் எய்ட்ஸ் மையம், தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் ஆய்வகத்தோடு வளர்ந்தது.

எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து வந்தபோது பழைய நுண்ணோக்கி தோற்றது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலில் பொந்து விழுவது குறைவு; சளியில் வெளியேறும் கிருமியும் குறைவு. ஸ்லைடு சுத்தமாக இருக்கும், நோயாளி செத்துக்கொண்டிருப்பார். கிருமியின் மரபணுவையே பெருக்கி, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. நம் மருத்துவமனைகளில் சி.பி.நாட் என்று சொல்கிறோமே, அதுதான்.

இங்கேதான் நான் மிகவும் மதிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நாள்தோறும் மாத்திரை தர வேண்டாம், இடைவெளி விட்டுக் கண்ணெதிரே விழுங்க வைத்தாலே போதும் என்ற முறைக்கு ஆதாரம் தந்ததும் சேத்துப்பட்டு மையம்தான். வாரம் இருமுறைச் சிகிச்சை பற்றிய அதன் அறிக்கை 1964இல் வந்தது. பின்னர் இந்தியாவின் தேசியத் திட்டம் வாரம் மும்முறை என்ற வடிவில் இடைவெளிச் சிகிச்சையைக் கடைப்பிடித்தது. அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறை, சௌமியா சுவாமிநாதன் உள்ளிட்டோர், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதைத் திரும்பச் சோதித்தார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, நாள்தோறும் தருவதே மேல் என்றது. இடைவெளி விட்டால் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும் ஆபத்து கூடுகிறது. நாடு 2017இலேயே அனைவருக்கும் தினசரி மருந்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. தங்கள் நிறுவனத்துக்கு உலகப் புகழ் தந்த முடிவுக்கே எல்லை வகுத்தவர்கள் இவர்கள். அறிவியலில் இதைவிடப் பெரிய நேர்மை எனக்குத் தெரியாது.

மாணவர்களே, இந்தப் பட்டியலில் உள்ள வேலைகளில் ஒன்றுகூட ஓரிரு ஆண்டில் முடிந்ததல்ல. செங்கல்பட்டுச் சோதனையின் பதினைந்தாண்டு முடிவு அச்சானது 1999இல். அதற்குள் எத்தனையோ அரசுகள் மாறின. ஆய்வகம் தொடர்ந்து இயங்கியதால் விடை கிடைத்தது. தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். உற்பத்தித் தரவிதிகளைக் காட்டி 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் மூன்றின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. தரம் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பொதுத்துறை ஆய்வகங்களைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்காமல் விட்டு, பிறகு மூடுவது எந்த வகை நிர்வாகம்? செங்கல்பட்டு அருகே திருமணியில் 2012இல் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி வளாகம், கொரோனா காலத்தில் ஒரு குப்பி தடுப்பூசிகூடத் தயாரிக்காமல் நின்றது. 2021இல் தமிழ்நாடு அரசு அதைக் குத்தகைக்குக் கேட்டும் நடக்கவில்லை. அதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

அதே பெருந்தொற்றில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னையின் கழிவுநீரில் கொரோனா வைரஸின் மரபணுத் துணுக்குகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தொற்றியவர்களின் மலத்தில் வைரஸின் துணுக்குகள் வெளியேறுகின்றன. ஆகவே சோதனைக்கு வராதவர்களைப் பற்றியும் சாக்கடை நீர் தகவல் சொல்லும். எந்தப் பகுதியில் நோய் கூடுகிறது என்று மருத்துவமனை நிரம்புவதற்கு முன்பே அறிய இது வழி.

இப்போது இங்கே வந்திருக்கும் தாம்பரம் மாமன்ற உறுப்பினர்களிடம் வருகிறேன். 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஏரிகளும் அடையாற்றுக் கரையும் கிணறுகளும் லாரித் தண்ணீரும் கொண்ட ஊர் இது. மழைக்காலத்தில் குடிநீரில் சாக்கடை கலந்தால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று எது வேண்டுமானாலும் வரலாம். உங்கள் வார்டின் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது என்ற அறிக்கையை எந்த உறுப்பினரும் விரும்ப மாட்டார். அந்த அறிக்கையைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். குடிநீர்ச் சோதனை முடிவுகளையும் கழிவுநீர்க் கண்காணிப்பு முடிவுகளையும் வார்டு வாரியாக, வந்த அன்றே, அலுவலக வாசலில் ஒட்டுங்கள். நல்ல முடிவை மட்டும் ஒட்டாதீர்கள். அரசு ஆய்வகங்களில் காலியாக இருக்கும் டெக்னீஷியன் இடங்களை நிரப்பச் சொல்லி அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலை இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு ஒன்று அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.