பழைய வீட்டில் கிடைத்த நோட்டு
(பொன்விழாக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் சாதனைகளைச் சொல்வதே வழக்கம். நாங்கள் ஒரு தாமதத்தைச் சொல்ல வந்திருக்கிறோம்.

பினாங்கு சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெரிய வீட்டை மூத்தவர்கள் அறிவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பல் வந்தால், இறங்கியவர்களில் பாதிப் பேர் முதல் சோறு உண்டது அங்கேதான் என்பார்கள். பிறகு வியாபாரம் நொடித்தது, பிள்ளைகள் சிதறினார்கள். 1999 டிசம்பர் 31-உடன் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது ஜார்ஜ்டவுனில் எத்தனையோ வீடுகள் காலியாயின. இது சொந்த வீடு, அப்போது தப்பியது. கடைசியில் வாரிசுகளே விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. "பழைய கித்தாபுகள் இருக்கின்றன, வந்து பாருங்கள்" என்று சொல்லியும் அனுப்பினார்கள். நாங்கள் விழா விருந்துக்கு மண்டபம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் போகலாம் என்றோம்.

போனபோது வாசலில் இரண்டாவது லோரி நின்றது. வங்காளதேசத் தொழிலாளர்கள் ஐந்து பேர் மாடியிலிருந்து தேக்குக் கட்டிலைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பித்தளை அண்டாக்களும் சஹன் தட்டுகளும் ஏற்கெனவே விலைபோயிருந்தன. கடைக் கணக்குப் புத்தகங்களைக் கேட்டோம். முதல் லோரியில் பழைய காகிதத்தோடு போய்விட்டன. தமிழில் எழுதியவை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர்களில் ஓர் இளைஞர் எங்களை உள்ளே அழைத்தார். ஜன்னல் திட்டில் துணி விரித்து, குர்ஆன் பிரதிகளைத் தூசி தட்டி அடுக்கியிருந்தார். "அபாங், இனி கித்தாப் சுச்சி" என்றார். அடுக்கின் நடுவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. அரபு எழுத்தைக் கண்டு வேதமென்று எடுத்துவைத்திருக்கிறார். திறந்தால் அரபுத்தமிழ்: எழுத்து அரபு, பேச்சு நம் வீட்டுப் பேச்சு.

எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. ஐம்பது வருடச் சங்கம்! எண்பது கடந்த தாயார் ஒருவர்தான் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார். அந்த வீட்டு அம்மா வைத்திருந்த அமானிதக் கணக்கு அது. துறைமுகக் கூலிகளும் சோற்றுக்கடைப் பையன்களும் ஊருக்குப் போகும்வரை கொடுத்துவைத்தது: 12 வெள்ளி, 7 வெள்ளி, ஒருவர் ஒரு ஜோடி கம்மல். திருப்பிக் கொடுத்ததும் கோடு அடித்திருக்கிறார். கடையை மூடிய பிறகு எழுதிய பக்கங்களிலும் கோடுகள் விழுந்திருக்கின்றன. எதை விற்றுக் கொடுத்தாரோ.

கோடு விழாத பெயர்கள் இதுவரை நான்கு. குடும்பத்துக்குச் சொல்வதா என்று செயற்குழுவில் வாக்குவாதமே நடந்தது. கடன் பேச்சு மனத்தை நோகடிக்கும் என்றார்கள் சிலர். சொன்னோம். மூத்த பேத்தி கேட்டது ஒன்றே: "அந்த நாலு பேரின் ஊர் எழுதியிருக்கிறதா?" இரண்டுக்கு இருக்கிறது. ஒன்று கடையநல்லூர், ஒன்று பனைக்குளம். ஜமாஅத்துகளுக்குக் கடிதம் போயிருக்கிறது. பெயர்களை இந்த மேடையில் படிக்கப் போவதில்லை.

நோட்டில் பாதி இன்னும் வாசிக்காமல் கிடக்கிறது. அந்தத் தாயாரால் ஒரு தடவைக்கு அரைமணி நேரந்தான் முடிகிறது. உங்கள் வீட்டில் அரபுத்தமிழ் தெரிந்த பெரியம்மா, நன்னிம்மா யாரேனும் இருந்தால், ஞாயிறு அஸருக்குப் பிறகு சங்க மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள். வண்டி அனுப்புகிறோம். பிள்ளைகள் வந்தால் எழுத்துச் சொல்லித் தருவதாகவும் அந்தத் தாயார் சொல்லியிருக்கிறார். பென்சில் கொண்டு வரட்டும்.