வகுபடும், ஆனால் எதால்?



67 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது 147573952589676412927. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்றார். 1876-இல் லூக்காஸ் "இல்லை, வகுபடும்" என்று நிரூபித்தார். எதால்? அது அவருக்கே தெரியாது! காரணியைக் காணாமலே வகுபடும்னு சொல்லிடலாம்; நம்ம கணக்கிலே எனக்குப் பிடிச்சதே இதுதான்.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார். வாயே திறக்கவில்லை என்பார்கள். (நான் பேசுகிறேன், பொறுத்துக்கணும்.)

இன்று கம்ப்யூட்டர் இதை நொடியில் பிரித்துவிடும். 617 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண்ணை மட்டும் இன்னும் யாராலும் பிரிக்க முடியவில்லை. பல இணையதளங்களின் பூட்டு அந்த நம்பிக்கையில்தான் தொங்குகிறது.

தம்பிகளா, கோலின் பெருக்கலைக் கையாலே போட்டுப் பாருங்க. டீ வருவதற்குள் முடியாது!