புதிய கேமும் பழைய எஞ்சினும்



பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையை ஒட்டித் தொம்மலூர் என்னும் பகுதி இருக்கிறது. அங்குள்ள சொக்கநாதசுவாமி திருக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தமிழர் அவ்வூருக்கு வந்தது நேற்றோ இன்றோ அன்று என்பதற்கு அவையே சான்று. இந்நாளில் தொம்மலூர் போன்ற இடங்களில் மோட்டார்ப் பட்டறைத் தொழிலால் பிழைக்கும் தமிழரும் உளர். அவர்களுக்கும், அவர்களை நம்பி வண்டியை ஒப்படைப்போருக்கும் பயன்படக்கூடிய ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்கிறோம். பந்தய வேகத்திற்கென்று செய்த கேமை எஞ்சினில் பொருத்தும்போது உறுப்புகள் இசையாமற் போவது ஏன், அதனைச் சரிசெய்வது எவ்வாறு என்பதே அப்பொருள்.

நாமெல்லோரும் அறிந்த புல்லட் மோட்டார் சைக்கிளையே உதாரணமாகக் கொள்வோம். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட்டில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. இவ்விரண்டையும் தனித்தனியே இயக்க இரண்டு கேம்கள். கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். கேமின் மேடு டேப்பட்டை உயர்த்த, டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கரை அசைக்க, வால்வு திறக்கிறது.

பந்தயக் கேமின் மேடு அதிக உயரமுள்ளது. வால்வை அதிக நேரம் திறந்தும் வைக்கும். வேகமாக ஓடும்போது காற்று நிறைய உட்செல்வதால் ஆற்றல் கூடுகிறது. ஆனால் பழைய கேமுக்கென்று அளவிட்ட பிஸ்டனும் ஸ்பிரிங்கும் புஷ் ராடும் அப்படியே இருக்கின்றனவே! வீட்டுக்கு வந்த மருமகள் நல்லவளாயிருந்தால் மட்டும் போதுமா? வீட்டாரும் சற்று இடங்கொடுக்க வேண்டுமல்லவா? கேமின் கதையும் அதுவே.

நாம் பார்க்கவேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, பற்சக்கரங்கள். கேமோடு சேர்ந்த பற்சக்கரம் அடுத்த சக்கரத்தோடு மிக இறுகிப் பொருந்தினால் எஞ்சின் ஊளையிடும், தளர்ந்தால் கடகடக்கும். ஆகவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையினால் பல சுற்றுகள் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால், அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு காரணத்தைத் தேடவேண்டும். மூடியை கேஸ்கெட்டுடன் பூட்டிய பின்னரே இறுகுகிறதென்றால் குற்றம் பல்லில் இல்லை; கேமுக்குப் பக்கவாட்டில் அசைய இடமில்லை என்பது பொருள். இன்னொன்று: கிராங்கின் நுனியில் எண்ணெய்ப் பம்பை இயக்கும் திருகு இடம்புரியானது. அதனைக் கழற்ற நேர்ந்தால், வழக்கமான திசையில் பலங்கொண்டு திருப்புகிறவர் அதை உடைத்துவிடுவார்.

இரண்டாவது, புஷ் ராடு. பழைய கேமையே சாணை பிடித்துப் பந்தயக் கேமாக்குவதுண்டு. மேட்டை உயர்த்த முடியாதாகையால், மேடில்லாத அடிவட்டத்தைத் தேய்த்துக் குறைப்பார்கள். எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவும் டேப்பட் கீழே இறங்கும். அதை ஈடுசெய்யப் புஷ் ராடின் கீழ்முனையிலுள்ள திருகை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். ஓரிரு புரிகள் மட்டுமே பிடித்திருக்குமானால் அது நிலைக்காது. நீளம் கூடிய புஷ் ராடே தக்க பரிகாரம். தேய்க்கும்போது மேற்பரப்பின் கடினமான அடுக்கு போய்விட்டால் கேமும் விரைவில் கரையும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, ஸ்பிரிங். பொருத்திய நிலையில் ஒரு ஸ்பிரிங்கின் நீளம் 38 மில்லிமீட்டர், சுருள்கள் முழுவதும் நெருங்கி ஒட்டும்போது 27 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடையிலிருப்பது 11. வால்வு 9 மில்லிமீட்டர் திறந்தால் 2 மிச்சம்; கவலையில்லை. புதிய கேம் அதனைப் பத்தரை மில்லிமீட்டர் திறந்தால் மிச்சம் அரையே. குறைந்தது 1 மில்லிமீட்டராவது மிஞ்சவேண்டும். இல்லையேல் புஷ் ராடு வளையும். அல்லது கேம் தேயும்.

நான்காவதும் முதன்மையானதும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் உச்சிக்கு வரும் வேளையில் இரு வால்வுகளும் சிறிதே திறந்திருக்கும். அதற்குச் சற்று முன்னும் பின்னுமே மோதும் ஆபத்து மிகுதி. இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணை பிஸ்டன் தலையில் அப்பி, வால்வு முகத்தில் துளி எண்ணெய் தடவி, பிறகு வைக்கப்போகும் அதே கேஸ்கெட்டோடு ஹெட்டைப் பூட்டி, டேப்பட்டையும் சரிசெய்து, கிராங்கைக் கையினால் இருமுறை சுற்றவேண்டும். பின்பு ஹெட்டைக் கழற்றிக் களிமண்ணைக் கத்தியால் அறுத்து, மெல்லிய இடத்தின் கனத்தை அளக்கவேண்டும். உள்வால்வுக்கு 2, வெளிவால்வுக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. புகைபோகும் வால்வு அதிகம் சுட்டு நீளுமாதலாலும், மூடும்போது பிஸ்டன் அதனைத் துரத்தி வருமாதலாலும் அதற்குக் கூடுதல் இடம் தேவை. அளவு குறைந்தால் பிஸ்டன் தலையில் பள்ளத்தை ஆழப்படுத்தலாம்; ஆனால் அங்குள்ள உலோகத்தின் கனத்தை முதலில் அளக்கவேண்டும். கனமான கேஸ்கெட்டும் இடந்தரும். ஆனால் அழுத்தம் குறைந்து, தேடி வந்த ஆற்றலில் ஒரு பகுதி போய்விடும்.

இத்தனை தொல்லை எதற்கு, அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போகிறது என்று சிலர் எண்ணலாம். எந்த உறுப்பு பிழை என்று அறியுமுன் அராவுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும். அராவிய உலோகம் திரும்ப வாராது. வேகத்தில் வால்வு உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் நின்று, ஓட்டியவர் சாலையில் வீழ்வார். அரை மில்லிமீட்டரை அலட்சியம் செய்ததற்கு அவர் கொடுக்கும் விலை அது.

இவ்வகைக் கேமுக்கு உரிய இடம் பந்தயத் தளமே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டு பந்தயங்கள் நடந்தன. 1990-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது. சாலையில் ஓடும் வண்டியைப் பதிவுச் சான்றுக்கு முரணாக மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாடிக்கையாளர் கேட்டாலும் இதனை முதலிலேயே எடுத்துச் சொல்வது பட்டறைக்காரரின் கடமை.

பிறந்த ஊரில் நம்மை அறிந்தவர் பலர். ஒரு தவறு நேர்ந்தாலும் பொறுப்பர். வந்த ஊரில் நம் கைவேலையே நமக்குச் சாட்சி. ஆகவே அளப்போம், அளந்ததைத் தாளில் எழுதுவோம், அந்தத் தாளை வண்டிக்குரியவரிடம் கொடுப்போம். பொருந்தாததைப் பொருந்தாது என்று சொல்லித் திருப்பியனுப்பவும் தயங்காதிருப்போம்.