முகமே குற்றமா?



எங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒருநாள் அம்மாவின் கைரேகை பதியவில்லை. செங்கல் சூளையில் தேய்ந்த விரல்கள். "நீங்கதான்னு எனக்குத் தெரியும்மா, மெஷின் ஒத்துக்கலையே" என்றார் கடைக்காரர். இயந்திரத்தின் சொல்தான் நின்றது. அன்று எங்களுக்குப் போனது அரிசி. அமெரிக்காவில் இன்று குடியுரிமையே போகக்கூடும்.

அங்கே ஐ.சி.இ. எனும் குடிவரவு அமலாக்கத் துறை அதிகாரிகளின் கைபேசியில் 'மொபைல் ஃபோர்டிஃபை' என்றொரு செயலி இருப்பது 2025-இல் வெளியே தெரிந்தது. தெருவில் போகிறவரை நிறுத்தி, முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுகிறார்கள். அரசிடம் உள்ள படங்களோடு ஒப்பிட்டுச் செயலி ஆள் யாரென்று சொல்கிறது. மறுக்க வழியில்லை. குடிமகன் என்றாலும் எடுத்த படம் 15 ஆண்டுகள் சேமிப்பில் இருக்கும். செயலி 'அயலார்' என்று சொன்னால், பிறப்புச் சான்றிதழையே புறக்கணிக்கலாம் என்று அதிகாரிகள் கூறியதாகப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பென்னி தாம்சன் தெரிவித்தார்.

இந்தத் தொழில்நுட்பம் தவறே செய்யாதா? 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7. 2020-இல் டெட்ராய்ட் காவல்துறை, முகம் பொருந்துகிறது என்று கணினி சொன்னதை நம்பி, ஒரு கறுப்பினத்தவரை மனைவி, மகள்கள் கண்முன் கைது செய்தது. அந்தத் திருட்டை அவர் செய்யவே இல்லை.

"பிழையைத் திருத்திவிட்டால் போதுமே" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். போதாது. யாரை நிறுத்துவது என்று செயலியா முடிவு செய்கிறது? அதற்கு முன்பே தோலின் நிறம் முடிவு செய்துவிடுகிறது. இனத் தோற்றம், பேசும் மொழி, செய்யும் வேலை இவற்றை மட்டுமே வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கீழ்நீதிமன்றம் தடை போட்டிருந்தது. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. துல்லியமான கருவி வந்தால் இந்த ஓரவஞ்சனை வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதா? 1871-இல் வெள்ளை அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களையே குற்றவாளிகள் என்றது. பின்னர் கைரேகையும் எடுத்தது. ரேகை சரியாகப் பதிந்ததால் அந்தச் சட்டம் நியாயமாகிவிட்டதா?

தோழர்களே, என்னை நிறுத்தி 'நீ யார்' என்று கேட்கும் அரசு, முதலில் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் உரிமை. முகத்தை அடையாளம் காணும் செயலி தமிழ்நாட்டுக் காவல்துறையிடமும் இருக்கிறது. எந்தத் தெருவில், யாரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஏன் என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.